வலது பக்க இதயம் பெரிசு, ஓட்டை இல்லை, சிடி நார்மல். அப்புறம் என்ன?

கேள்வி, 14 ஜூன் 2023

38 வயசுப் பெண். ரெண்டு வருஷமாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோவில் வலது மேலறை, கீழறை இரண்டும் பெரிதாக இருக்கின்றன. மேலறைச் சுவரில் ஓட்டை தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று சிடி ஆஞ்சியோ எடுத்தோம். 'கட்டி இல்லை, நுரையீரல் நார்மல்' என்று வந்தது. இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவர வேண்டிய நுரையீரல் சிரை ஏதாவது தப்பி வலது பக்கம் சேர்ந்திருக்குமோ என்று கேட்டேன். கூட வேலை பார்ப்பவர் சிரிக்கிறார். "அதெல்லாம் குழந்தைகளுக்கு வருவது. இருந்தால் இந்த சிடியிலேயே தெரிந்திருக்குமே" என்கிறார். தெரிந்திருக்குமா?

14 ஜூன், இரவு

ஸ்கேன் படிக்கும் ரேடியாலஜிஸ்டாகச் சொல்கிறேன். படத்தில் இருந்திருக்கும். ரிப்போர்ட்டில் இருந்திருக்காது. டிஸ்க்கை வாங்குங்கள், பிலிம் வேண்டாம். பிலிமில் நமக்கு வேண்டிய கட்டத்தைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். 1 மிமீ ஸ்லைஸ் வேண்டும் என்று ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் ஒரு வாரத்துக்கு மேல் மெல்லிய ஸ்லைஸை வைத்திருக்க மாட்டார்கள், அழித்துவிடுவார்கள்.

குழந்தைகளுக்கு வருவது என்பதும் பாதிதான் சரி. எல்லாச் சிரைகளும் தப்பாகச் சேர்ந்திருந்தால் அது பச்சைக் குழந்தையிலேயே வெடித்துவிடும். ஒன்றோ இரண்டோ மட்டும் தப்பிப் போயிருந்தால் ஐம்பது அறுபது வயசு வரை ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடலாம்.

15 ஜூன்

ரத்தக்கட்டிக்கு எடுக்கும் சிடியில் மிஷின் நுரையீரல் தமனித் தண்டைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும். அங்கே கான்ட்ராஸ்ட் (ரத்தக் குழாயைப் படத்தில் வெளுக்க வைக்கும் மருந்து) வந்த உடனே ஓட ஆரம்பித்துவிடும். தமனிகள் வெள்ளை வெளேரென்று இருக்கும். சிரைகளுக்கு மருந்து போய்ச் சேர இன்னும் சில விநாடி ஆகும். அதனால் சில படங்களில் சிரை பாதி வெள்ளை, பாதி சாம்பல் என்று கலங்கிக் கிடக்கும். அந்தக் கலங்கலையே சிரைக்குள் ரத்தக்கட்டி என்று எழுதின ரிப்போர்ட்டும் என் மேஜைக்கு வந்திருக்கிறது. சிரைக்காகவே எடுப்பதென்றால் இடது மேலறையில் குறிவைத்து எடுக்கச் சொல்ல வேண்டும்.

மருந்து அரைகுறையாக ஏறின படத்திலும் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்பது தெரியும். அப்படியும் தப்புவதற்குக் காரணம், ரிக்வெஸ்டில் "ரத்தக்கட்டி?" என்று எழுதியிருப்பதுதான். படிப்பவர் தமனிகளை மட்டும் ஒவ்வொரு கிளையாகப் பார்த்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு நானும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுவேன்.

பிரேதப் பரிசோதனைத் தொடர்களில் இந்தக் கோளாறு 0.4 முதல் 0.7 சதவீதம் வரை வருகிறது. சிடி பார்த்த தொடர்களில் 0.1, 0.2 சதவீதம்தான். பிரேதப் பரிசோதனைக்கு வருபவர்கள் வேறு வகை ஆட்கள், அதுவும் ஒரு காரணம். ஆனால் இடைவெளி முழுக்க அதனால் என்று நான் நம்பவில்லை.

15 ஜூன், சற்றுப் பின்

மருந்து எந்தக் கையில் ஏற்றினார்கள்? கேட்டுச் சொல்லுங்கள்.

17 ஜூன்

"இடது மேலறையில் நுரையீரல் சிரைகள் திறக்கும் வாய் நாலு இருக்கிறதா என்று எண்ணினால் போதாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. இடது பக்கச் சிரைகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாயாகத் திறப்பது சாதாரணம். வலது நுரையீரலின் நடு மடலின் சிரை தனி வாய் வைத்துக்கொள்வதும் சாதாரணம். வலது மேல் மடலின் ஒரு கிளை மூச்சுக்கிளைக்குப் பின்பக்கமாக இறங்கி வந்து தனியாகச் சேருவதும் உண்டு. ஆக மூன்று வாயும் நார்மல், ஐந்து வாயும் நார்மல். எண்ணிக்கை நாலு என்று வந்தாலும் ஒரு மடல் வேறு எங்கோ கொட்டிக்கொண்டிருக்கலாம்.

நான் நுரையீரலிலிருந்து உள்ளே வருவேன். ஒவ்வொரு மடலிலும் ஒரு சிரையைப் பிடித்து அது எங்கே போய் விழுகிறது என்று முடிவு வரை ஸ்க்ரோல் செய்வேன். எது சிரை, எது தமனி என்று குழப்பம் வந்தால், மூச்சுக்கிளையோடு ஒட்டிப் போவது தமனி. நுரையீரல் துண்டுகளுக்கு நடுவில் தனியாக வருவது சிரை. பழகிவிட்டால் மொத்தமே ஒரு நிமிஷ வேலை.

20 ஜூன்

படம் பார்த்தேன். பெருந்தமனி வளைவுக்கு இடது ஓரத்தில் ஒரு குழாய் மேலே ஏறுகிறது. சுண்டுவிரல் பருமன் இருக்கும். மேலே போய் இடது பிராக்கியோசெபாலிக் சிரையில் (இடது கை, கழுத்து ரத்தத்தை மேற்பெருஞ்சிரைக்குக் கொண்டுபோவது) சேருகிறது.

அதைப் பார்த்த உடனே இரண்டு பேர் 'இடது மேற்பெருஞ்சிரை, நார்மல் வேரியன்ட், விட்டுவிடுங்கள்' என்று எழுதிவிட்டார்கள். வழக்கமாக வலது பக்கம் மட்டும் இருக்கும் மேற்பெருஞ்சிரை இடதிலும் இருப்பதைச் சொல்கிறார்கள். அந்த அவசரம் புரிகிறது. ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு அது இருக்கிறது, தப்பான சிரையைவிட அடிக்கடி வருகிறது. ஆனால் பெருந்தமனி வளைவு மட்டத்தில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். அந்த ஒரு ஸ்லைஸை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

கீழே இறங்குங்கள். இடது முதன்மை மூச்சுக்கிளை தெரியும் மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கு நேர் முன்னால் வழக்கமாக ஒரு குழாய் இருக்கும், அது இடது மேல் நுரையீரல் சிரை. இடது மேற்பெருஞ்சிரை உள்ளவருக்கு அங்கே இரண்டு குழாய் இருக்கும். மேல் மடலின் சிரை தப்பிப் போனவருக்கு அந்த இடம் காலி. உங்கள் பேஷன்ட்டுக்குக் காலி.

இன்னும் கீழே போனால் இடது மேற்பெருஞ்சிரை இதயத்தின் பின்பக்கம் வளைந்து கொரோனரி சைனஸில் (இதயத் தசையின் ரத்தம் வடியும் சிரை) விழும், அந்த சைனஸ் ஊதிப்போய் இருக்கும். இங்கே கொரோனரி சைனஸ் ஒல்லியாக அதன் பாட்டுக்கு இருக்கிறது. நம் குழாய் கீழே வர வர நுரையீரலுக்குள் கிளை பிரிந்து மறைகிறது. மேலே பிராக்கியோசெபாலிக் சிரையும் தடித்திருக்கிறது. இடது மேற்பெருஞ்சிரை உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் மெலிந்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

வலது கையில் மருந்து ஏற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் நம் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. வலது கையில் போட்டால் இடது மேற்பெருஞ்சிரை இருட்டாக இருக்கும். இந்தக் குழாய் மற்ற நுரையீரல் சிரைகள் அளவுக்கே வெளுத்திருக்கிறது, ஏனென்றால் இதுவும் நுரையீரல் சிரை. இடது மேல் மடலின் ரத்தம் இடது மேலறைக்குப் போகாமல், மேலே ஏறி, சுற்றி, வலது மேலறைக்கே திரும்பி வருகிறது.

21 ஜூன்

இடது கையில் போட்டிருந்தால்? பிராக்கியோசெபாலிக் சிரை முழுக்கக் கெட்டியான மருந்து நின்று, கோடு கோடாகச் சிதறல் அடித்து, நாம் பார்க்க வேண்டிய சந்திப்பையே மறைத்துவிடும். ஆகவே சிரைக்கு என்றால் வலது கை. எங்கள் டெக்னீஷியன்கள் இதைக் கேட்டால் "நரம்பு கிடைக்கிற கையில்தான் சார் போட முடியும்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்.

22 ஜூன்

இந்தச் சிரைக்கு ஐசியுவில் ஒரு பழைய கதை உண்டு. கழுத்தின் இடது பக்கம் சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் விடும் மெல்லிய குழாய்) போடுகிறார்கள். எக்ஸ்ரேயில் லைன் நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கம் போகாமல், இடது ஓரமாகவே நேராகக் கீழே இறங்கியிருக்கிறது. உறிஞ்சினால் ரத்தம் பளிச்சென்று சிவப்பு. தமனியில் குத்திவிட்டோம் என்று பதறுகிறார்கள். பிரஷர் லைனை மாட்டினால் அலை சிரை மாதிரி தாழ்வாக ஓடுகிறது, துடிப்பில்லை. வாயு அளவு பார்த்தால் ஆக்சிஜன் தமனி ரத்தத்துக்குச் சமமாக நிற்கிறது.

எனக்கு அப்படி ஒரு போன் வந்தபோது மயக்க மருந்து டாக்டர் கேட்ட கேள்வி: "சார், தமனியா சிரையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க." சிரைதான், ஆனால் நுரையீரல் சிரை. ஆக்சிஜன் ஏறின ரத்தம், சிரையின் அழுத்தம். இரண்டும் ஒரே குழாயில் இருந்தால் பெரும்பாலும் அதுதான். லைன் அந்தப் பாதையில் இறங்கினால் இடது மேற்பெருஞ்சிரை, மார்பின் உட்பக்கச் சிரை, பெருந்தமனி, எந்தக் குழாயிலும் இல்லாமல் வெளியே நிற்பது என்று நீண்ட பட்டியல் உண்டு. ரத்த வாயுவும் பிரஷர் அலையும் சேர்ந்து பட்டியலைச் சட்டென்று சுருக்கிவிடும்.

25 ஜூன்

"அப்போ இதுதான் காரணம், கேஸ் முடிந்தது" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எனக்கு முடியவில்லை. கணக்கு உதைக்கிறது.

நுரையீரல் வழியாக ஓடும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு தப்பிப் போகிறது என்று வைப்போம். இடது மேல் மடலுக்குத் தாராளமாகவே கொடுத்தால் அவ்வளவுதான் வரும். மீதி ஐந்தில் நாலு பங்கு உடலுக்குப் போகிறது. நுரையீரல் ஓட்டத்தை உடல் ஓட்டத்தால் வகுத்தால் 1.25. மூன்றில் ஒரு பங்கு தப்பினால்தான் 1.5 வரும். அந்த 1.5-லிருந்துதான் அறுவை சிகிச்சைப் பேச்சையே எடுக்கிறார்கள், அதுவும் வலது இதயம் பெரிதாகி, தொந்தரவும் இருந்து, நுரையீரல் அழுத்தம் அதிகம் ஏறாமல் இருந்தால். 1.25-க்கு இவ்வளவு பெரிய வலது கீழறை வராது. ஒரு கோளாறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் தேடுவதை நிறுத்துவது எங்கள் தொழிலின் பழைய வியாதி.

வலது பக்கம் மேல் மடலைப் பாருங்கள். மேற்பெருஞ்சிரை வலது மேலறைக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே. நீங்கள் ஏற்றியிருக்கும் ஸ்லைஸ்கள் அந்த இடத்தில் இதயத் துடிப்பால் கலங்கியிருக்கின்றன. மேற்பெருஞ்சிரை முழுக்க மருந்தின் சிதறல் வேறு, வலது கைக்கு நாம் கொடுக்கும் விலை அது. ஈசிஜியோடு இணைத்து, மருந்துக்குப் பின்னால் சலைன் தள்ளி, இடது மேலறைக்குக் குறிவைத்து எடுத்தால் தெளியும். எம்ஆர்ஐ வசதி இருந்தால் ஓட்டத்தை நேரடியாக அளந்தே விடலாம், கதிர்வீச்சும் இல்லை.

26 ஜூன்

நேற்றைய கணக்கில் ஒரு சேர்க்கை. எல்லா மடலுக்கும் ரத்தம் அதன் அளவுக்கேற்பப் போகும் என்று வைத்துக்கொண்டேன். வலது மேலறையின் அழுத்தம் இடது மேலறையைவிடக் குறைவு. அதில் வடியும் மடலுக்கு எதிர்ப்பு கொஞ்சம் குறைவு, ஆகவே தன் பங்குக்கு மேல் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். 1.25 என்பது 1.3, 1.35 ஆகலாம். 1.5-க்கு மேலே தாவுமா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. நேற்றுச் சொன்னது நிற்கிறது.

2 ஜூலை

"ஒரு மடல் மட்டும் தப்பியிருந்து, ஆளுக்கு ஒன்றும் இல்லை என்றால் ரிப்போர்ட்டில் எழுதித்தான் ஆகணுமா? வீணாகப் பயமுறுத்துவதுதானே?"

எழுதித்தான் ஆக வேண்டும். அதே ஆளுக்குப் பத்து வருஷம் கழித்து வலது நுரையீரலில் புற்றுநோய் வருகிறது, சர்ஜன் வலது நுரையீரலை முழுசாக எடுக்கிறார் என்று வையுங்கள். நுரையீரல் ரத்தம் மொத்தமும் இடது பக்கம் போகும். அதில் ஏறக்குறைய பாதி மேல் மடலுக்கு. அந்தப் பாதி வலது மேலறைக்கே திரும்பி வரும். மேலே போட்ட அதே வகுத்தலைப் போட்டால் விகிதம் 2. நேற்று வரை 1.25-ல் நிம்மதியாக இருந்த இதயம் ஒரே நாளில் 2-ஐத் தாங்க வேண்டும். அறுவைக்குப் பிறகு வலது இதயம் செயலிழந்து சரிந்த கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் நுரையீரல் அறுவைக்கு முன் வரும் சிடியில், எடுக்கப்போகும் மடலைவிட மிச்சம் வைக்கப்போகும் மடல்களின் சிரைகளை நான் அதிக நேரம் பார்ப்பேன்.

தப்பிப் போன சிரை எடுக்கப்போகும் மடலிலேயே இருந்தால் அறுவையோடு ஷன்ட்டும் (ரத்தம் தப்பிப் பாயும் குறுக்கு வழி) ஒழிந்தது. அதிர்ஷ்டம்.

9 ஜூலை

யாரோ ஒரு எக்ஸ்ரே போட்டு "வளைவாள் நோய்க்குறி, பார்த்த உடனே சொல்லிடலாம்" என்கிறார். பக்கத்திலேயே இன்னொருவர் "இதயம் வலது பக்கம் இருக்கு, படத்தைத் திருப்பி மாட்டிட்டீங்க" என்கிறார். திருப்பவில்லை. இரைப்பையின் காற்றுக் குமிழ் இடது பக்கம்தான் இருக்கிறது பாருங்கள்.

வலது நுரையீரல் சிறுத்து, இதயம் அந்தப் பக்கம் இழுபட்டு, இதய ஓரமாக ஒரு வளைந்த நிழல் (கீழ்ப்பெருஞ்சிரைக்குத் தப்பிப் போகும் வலது நுரையீரல் சிரைதான் அது) கீழே வரவரத் தடித்து உதரவிதானத்தை நோக்கி இறங்குவது இந்த நோய்க்குறியின் படம். 1836-லேயே லண்டனில் கூப்பரும் பாரிஸில் ஷாசினாவும் தனித்தனியாக விவரித்தது. 1960-ல் கேத்தரின் நீல் குழுவின் கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் ஊன்றியது. லட்சம் பிறப்புக்கு ஒன்று முதல் மூன்று வரை.

ஆனால் 'பார்த்த உடனே' வேண்டாம். அதே வளைந்த நிழலோடு, வளைந்து நெளிந்து இறங்கி, கடைசியில் ஒழுங்காக இடது மேலறைக்கே போய்ச் சேரும் சிரையும் உண்டு. ஷன்ட் இல்லை, வைத்தியமும் தேவையில்லை. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோல நிற்கும். கீழ்ப்பெருஞ்சிரையில் விழுகிறதா, இடது மேலறையில் விழுகிறதா என்று சிடியில் பார்த்தால்தான் உண்டு. சிடி எடுக்கும்போது மேல் வயிறு வரை எடுக்கச் சொல்லுங்கள். வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து ஒரு தமனி கிளம்பி வலது கீழ் மடலுக்குப் போகும் வழக்கம் இந்தக் கேஸ்களில் உண்டு. மார்போடு நிறுத்திவிட்டால் அதன் தலை அறுபட்டுப் போகும்.

16 ஜூலை

கேள்வி கேட்டவர் புதுப் படம் போட்டிருக்கிறார், ஈசிஜியோடு எடுத்தது. வலது மேல் மடலின் இரண்டு சிரைகள் நேராக மேற்பெருஞ்சிரையில் விழுகின்றன. அதற்குக் கீழே, மேற்பெருஞ்சிரை மேலறையோடு சேரும் மூலையில் ஓட்டை. எம்ஆர்ஐயில் விகிதம் 2.1.

எக்கோ போட்டவரைத் திட்டாதீர்கள். இந்த ஓட்டை மேலறைச் சுவரின் நடுவில் இல்லை, உச்சி மூலையில். பெரியவர்களுக்கு நெஞ்சின் மேலிருந்து எக்கோ பார்த்தால் அந்த மூலைக்குக் கதிர் ஒழுங்காகப் போய்ச் சேராது. உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோவில் தெரியும். காரணம் தெரியாமல் வலது இதயம் பெரிதாக இருந்தால் அந்த மூலையையும் சிரைகளையும் பார்க்காமல் கேஸை மூடக்கூடாது.

வலது பக்கத்துக்கு வார்டன் 1984-ல் வெளியிட்ட அறுவை முறை இருக்கிறது. மேற்பெருஞ்சிரையைச் சிரைகளுக்கு மேலே வெட்டி வலது மேலறையின் காதுப் பகுதியோடு தைத்துவிட்டு, கீழ்த் துண்டை ஓட்டை வழியாக இடது மேலறைக்குத் திருப்பிவிடுவது. இடது சிரையை இடது மேலறையின் காதுப் பகுதியோடு இணைக்கலாம். சரியான கேஸ்களில் உறையிட்ட ஸ்டென்ட் வைத்து அறுக்காமலே வலது பக்கத்தைச் சரிசெய்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். எது என்பதைச் சர்ஜன்களும் கார்டியாலஜிஸ்டுகளும் பேசி முடிவெடுக்கட்டும்.

சிரித்தவரிடம் படத்தைக் காட்டினீர்களா?

18 ஜூலை

உயரம் குறைவா என்று கேட்க விட்டுவிட்டது. டர்னர் நோய்க்குறி (ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவு, ஆள் குட்டை, பிள்ளைப்பேறு அரிது) உள்ள பெண்களிடம் நுரையீரல் சிரை தப்பிப் போவது மற்றவர்களைவிட மிகவும் அதிகம். இவருக்கு 163 செமீ, இரண்டு பிள்ளைகள் என்கிறார்கள், சரி.

12 ஆகஸ்ட்

பிறவிக் கோளாறு இல்லாமலும் சிரை கெடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) துடிப்புகள் நுரையீரல் சிரைகளிலிருந்துதான் பெரும்பாலும் கிளம்புகின்றன என்று 1998-ல் போர்தோவில் ஐசகேர் குழு காட்டிய பிறகு, ஒயர் விட்டு அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றிச் சுடுவது வழக்கமானது. சில பேருக்குச் சுட்ட இடம் தழும்பாகிச் சுருங்கும். மாதங்கள் கழித்து இருமல், சளியில் ரத்தம், நுரையீரலில் ஒரே இடத்தில் வெள்ளை.

நம் ஊரில் சளியில் ரத்தம் என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லாமலே டிபி மாத்திரை ஆரம்பித்து, பாதிக் கோர்ஸில் என்னிடம் சிடிக்கு வந்த ஒருவர் இருந்தார். நெஞ்சில் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "நுரையீரலில் ஒண்ணும் பண்ணலை, ஹார்ட்டுக்குத்தான் ஒரு ஒயர் விட்டாங்க" என்றார். இடது கீழ்ச் சிரையின் வாய் நூல் மாதிரி இருந்தது. அந்த மடலின் வெள்ளை, வடிய வழியில்லாமல் தேங்கிய நீர்.

13 ஆகஸ்ட்

ஒரு எச்சரிக்கை. சிரையை முடிவு வரை தொடர்ந்து போங்கள் என்று இவ்வளவு நேரம் பாடினேன். அது உதவாத ஒரு நோய் இருக்கிறது. நுரையீரலின் மிகச் சிறிய சிரைகள் அடைபடும் நோயில் பெரிய சிரைகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும். இடது மேலறையும் பெரிதாகியிருக்காது. ஆனால் நுரையீரலில் துண்டுகளுக்கு இடையே தடித்த கோடுகள், பஞ்சு மாதிரி மங்கலான புள்ளிகள், நடு மார்பில் வீங்கிய நிணநீர்க் கணுக்கள். நுரையீரல் அழுத்தம் உயர்ந்தவருக்கு இந்த மூன்றும் இருந்தால் தமனியை விரிக்கும் மருந்தைத் தொடங்கும் முன் போன் செய்யுங்கள். உள்ளே வரும் வழியைத் திறந்துவிட்டு வெளியேறும் வழி அடைத்திருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பரம்பரையாக வரும் வகைக்கான மரபணுவை 2014-ல் கண்டுபிடித்தார்கள்.

3 செப்டம்பர்

மைட்ரல் வால்வு கசிவு உள்ளவர், எக்ஸ்ரேயில் இதயத்துக்குப் பின்னால் உருண்டையாக ஒரு நிழல், "நோடியூல் (சின்னக் கட்டி), ஊசி போட்டு எடுக்கலாமா?" வேண்டாம். முதலில் கான்ட்ராஸ்ட் ஏற்றி சிடி. சிரை இடது மேலறையில் சேரும் இடத்தில் ஊதிப்போனால் இப்படித்தான் தெரியும். ஊசி போட்டால் வருவது திசு இல்லை, ரத்தம்.

21 செப்டம்பர்

"பனிமனிதன் நிழல் எந்த வாரத்தில் வரும்? எங்கள் என்ஐசியுவில் (பச்சைக் குழந்தைகளுக்கான ஐசியு) எல்லாச் சிரையும் தப்பிய குழந்தை என்று சந்தேகம், எக்ஸ்ரேயில் அந்த உருவம் இல்லை."

இதய நிழலின் மேல் இன்னொரு உருண்டை உட்கார்ந்த மாதிரித் தெரிவதைத்தான் பனிமனிதன் என்கிறார்கள். அதற்காகக் காத்திருக்காதீர்கள். சிரைகள் எல்லாம் மேலே ஏறிப் பிராக்கியோசெபாலிக் சிரையில் சேரும் வகையில் மட்டும்தான் அந்த உருவம் வரும். அதுவும் குழாய்கள் ஊதிப் பெருக மாதங்கள் ஆகும். பிறந்த குழந்தையில் இருக்காது. நீலம் பாரித்த பச்சைக் குழந்தை, இதயம் சின்னதாக இருக்கிறது, நுரையீரல் இரண்டும் வெளுத்துக் கிடக்கின்றன என்றால், சிரைகள் உதரவிதானத்துக்குக் கீழே இறங்கி அடைபட்ட வகையை நினைக்க வேண்டும். எக்ஸ்ரே குறைமாதக் குழந்தையின் மூச்சுத் திணறல் நோய் மாதிரியே இருக்கும். நிறைமாதக் குழந்தைக்கு அந்தப் படம் வந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். சிடிக்குத் தூக்கி வருவதற்கு முன் எக்கோ பார்ப்பவரை வரச் சொல்லுங்கள், அதே நேரத்தில் குழந்தை இதய சர்ஜன் இருக்கும் இடத்துக்கும் போன் போடுங்கள். அடைபட்ட வகை என்றால் அன்றைக்கே அறுவைக்குப் போக வேண்டியிருக்கும்.